‘இன்ஜின்ல கை வைக்காத வண்டி’ சரி... பெல்ட் எப்போ மாத்துனீங்க?

பழைய ஸ்கூட்டர் வாங்கும்போது நாம் கேட்க மறக்கும் ஒரு கேள்வி!

இரவு பத்தே கால் மணி. அரக்கோணம் லோக்கல், திருவாலங்காடு ஸ்டேஷனில் அக்காவை இறக்கிவிட்டுக் கிளம்பிவிட்டது. எங்கள் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஸ்டேஷன் ஓரிடம், ஊர் ஓரிடம். நடுவில் வயல்காடு. அந்த நேரத்துக்கு பஸ்ஸும் கிடையாது, ஷேர் ஆட்டோவும் கிடையாது. ஸ்டேஷன் வாசலில் நிறுத்திவைத்திருக்கும் ஸ்கூட்டர்தான் அக்காவுக்கு ஒரே துணை.

அன்று வண்டி பாதி தூரம் வந்ததும் இடது பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எனக்கு போன் வந்தது.

“வண்டி ஸ்டார்ட்லதான்டா இருக்கு. முறுக்குனா கத்துது. ஆனா நகரவே மாட்டேங்குது!”

நான் சென்னையில் ஆபீஸில் இருந்தேன். அப்பாவுக்கு போன் போட்டேன். அவர் தன் பழைய எக்ஸ்.எல்.லை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், அக்கா அரைமணி நேரம் இருட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்திருந்தாள். செல்போனில் பேட்டரி ஆறு சதவிகிதம். ‘காரைக்கால் அம்மையார் தலையாலேயே நடந்துவந்த ஊருடா இது, நான் காலாலதானே நடந்தேன்’ என்று இப்போது சிரிக்கிறாள். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஸ்கூட்டரை வாங்கி நாலே மாதம்தான் ஆகியிருந்தது. செகண்ட் ஹேண்ட். விற்றவர் சொன்ன மூன்று வாக்கியங்களும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கின்றன. “சிங்கிள் ஓனர். லேடீஸ் ஓட்டுன வண்டி. இன்ஜின்ல கை வைக்கல.”

மூன்றும் உண்மைதான். நாங்களும் சும்மா வாங்கிவிடவில்லை. ஆர்.சி. பார்த்தோம். இன்ஷூரன்ஸ் பார்த்தோம். டயர், பிரேக், ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் பார்த்தோம். கோயில் வாசலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கினோம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

‘பெல்ட் கடைசியா எப்போ மாத்துனீங்க?’

மறுநாள் மெக்கானிக் இடது பக்க கவரைக் கழற்றினார். உள்ளே பெல்ட் இல்லை. தேங்காய் நார் மாதிரி கறுப்பாக ஒரு கொத்து இருந்தது. அதைக் கையில் எடுத்துக் காட்டி, “இது கம்பெனிலயே போட்டு அனுப்புன பெல்ட்டும்மா. இருபத்தேழாயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு. பாவம், அது இன்னா பண்ணும்?” என்றார்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. காக்களூர் தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை சிப்காட் என்று ஷிஃப்ட்டுக்குப் போகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு வீட்டையும் வேலையையும் இணைப்பது ஒரு டூ வீலர்தான். முதல் சம்பளத்தில் புது வண்டி எல்லோருக்கும் சாத்தியமில்லை. பழைய வண்டிதான் முதல் வண்டி. அது நடுராத்திரியில் நடுவழியில் நிற்காமல் இருக்க, அந்த ரப்பர் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

கிரைண்டர் தெரியுமா? அப்போ இதுவும் தெரியும்!

முதலில் ஒரு விஷயம். ஸ்ப்ளெண்டர், பல்சர், புல்லட் போன்ற கியர் பைக்குகளில் இன்ஜினையும் பின்சக்கரத்தையும் இணைப்பது செயின். வாங்கப்போவது கியர் பைக் என்றால் பெல்ட் கவலை உங்களுக்கு இல்லை. செயினும் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ் போன்ற கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் எல்லாவற்றிலும் உள்ளே ஓடுவது பெல்ட்.

அம்மாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பழைய வெட் கிரைண்டரில் பெல்ட் தளர்ந்தால் என்ன ஆகும்? மோட்டார் ‘ஹூம்’ என்று ஓடும், கல் சுற்றாது. பெல்ட் அறுந்தாலும் அதேதான். அக்காவின் வண்டியில் நடந்ததும் அதுதான். இன்ஜின் ஓடியது. அதன் சக்தி சக்கரத்துக்குப் போகவில்லை.

ஆனால், ஸ்கூட்டர் பெல்ட்டுக்குக் கிரைண்டர் பெல்ட்டைவிட வேலை அதிகம். கியர் மாற்றும் வேலையையும் அதுவேதான் செய்கிறது.

இடது பக்க கவருக்குள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு புல்லிகள். முன் புல்லி இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். இதை வேரியேட்டர் என்பார்கள். பின் புல்லி கிளட்ச்சோடு இருக்கும். இரண்டுமே ஒன்றையொன்று பார்த்து வைத்த இரண்டு தட்டுகள் மாதிரி. தட்டுகள் நெருங்கினால் நடுவில் இருக்கும் பெல்ட் மேலே ஏறும். விலகினால் கீழே இறங்கும்.

முன் புல்லிக்குள் சின்னச் சின்ன உருளைகள் உண்டு. மெக்கானிக் பாஷையில் ரோலர். நீங்கள் ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க, வேகம் தாங்காமல் ரோலர்கள் வெளிப்பக்கமாக ஓடி, தட்டை நெருக்கும். முன்னால் பெல்ட் மேலே ஏறும், பின்னால் கீழே இறங்கும். முதல் கியரிலிருந்து டாப் கியருக்கு வந்த மாதிரி. நடுவில் படிகளே இல்லை. அதனால்தான் ஸ்கூட்டர் வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது.

இது புது டெக்னாலஜியும் இல்லை. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-லேயே இதே தத்துவத்தில் பெல்ட்டில் ஓடும் குட்டிக் காரை அறிமுகப்படுத்தியது. நம் ஊருக்கு 1980-களில் கைனெடிக் ஹோண்டா கொண்டுவந்தது. கிளட்ச் பிடித்து கியர் போடத் தயங்கிய எத்தனையோ பெண்களுக்கு, அந்தப் பெல்ட்தான் ரோட்டில் இடம் வாங்கிக் கொடுத்தது.

பெல்ட்டை நம்பலாமா?

தாராளமாக நம்பலாம். ஆனால், அதற்கு ஓர் ஆயுள் உண்டு.

வெறும் ரப்பர் என்று நினைக்காதீர்கள். உள்ளே பாலியெஸ்டர் அல்லது அராமிட் இழைகள் நீளவாக்கில் ஓடும். இழுவையைத் தாங்குவது அந்த இழைகள்தான். குண்டு துளைக்காத சட்டையில் பயன்படுவதும் அராமிட் வகை இழையே. பராமரிப்பு என்று தினமும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. செயினுக்குப் போல எண்ணெய் விட வேண்டாம். சொல்லப்போனால், பெல்ட்டில் எண்ணெய் படவே கூடாது.

ஆனால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெல்ட்டின் பக்கவாட்டு ஓரம் புல்லியில் உரசித் தேய்ந்துகொண்டே இருக்கும். அகலம் குறைந்துகொண்டே வரும். சூட்டில் ரப்பர் இறுகும். பிறகு பற்களுக்கு நடுவில் விரிசல் விடும். அதனால் ஸ்கூட்டர் நிறுவனங்கள் ‘இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பரிசோதியுங்கள், இத்தனையில் மாற்றிவிடுங்கள்’ என்று கையேட்டிலேயே எழுதிக் கொடுக்கின்றன. மாடலுக்கு மாடல் மாறும் என்றாலும், பெரும்பாலும் 20,000 முதல் 25,000 கிலோமீட்டரை ஒட்டிய கணக்குதான்.

கிலோமீட்டர் மட்டும்தான் கணக்கு என்றும் இல்லை. ரப்பருக்கு வயதும் உண்டு. ஏழு வருடம் வெயிலில் நின்று எட்டாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியின் பெல்ட்டிலும் விரிசல் இருக்கலாம். ‘லேடீஸ் ஓட்டுன வண்டி, கடைக்கும் ஸ்கூலுக்கும்தான் போச்சு’ என்பதை நாம் பெரிய சர்டிபிகேட்டாக எடுத்துக்கொள்கிறோம். நின்று நின்று கிளம்பும் ஓட்டத்தில்தான் பெல்ட்டும் கிளட்ச்சும் அதிகம் உரசிச் சூடாகின்றன என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

தூசும் ஒரு எதிரி. பெல்ட் இருக்கும் அறையைக் குளிர்விக்க வெளிக்காற்று உள்ளே போய் வரும். ஸ்டீல் ரோலிங் மில்கள் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலைகளிலும், லாரி போக்குவரத்து ஓயாத மண் ரோடுகளிலும் தினமும் ஓடும் வண்டிக்குள் போகும் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நாலு வருஷக் கணக்கு!

பழைய வண்டி வாங்குபவர்கள் ஒரு சின்ன மனக்கணக்கு போட்டுப் பாருங்கள்.

ஒருவர் தினமும் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறார். வருடத்துக்கு 300 நாள். 6,000 கிலோமீட்டர். நாலு வருடத்தில் 24,000.

நாலு வருடம் என்பது எது? ‘இந்த வண்டியைக் கொடுத்துட்டு வேற எடுக்கலாமே’ என்று மனசு சொல்ல ஆரம்பிக்கும் காலம். அதாவது, வண்டி சந்தைக்கு வருவதும், பெல்ட் ஆயுளின் விளிம்புக்கு வருவதும் கிட்டத்தட்ட ஒரே சமயம்!

விற்பவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதே இல்லை. ‘எப்படியும் விற்கப்போறோம், இப்ப எதுக்கு செலவு?’ என்று யாருக்கும் தோன்றுவதுதான். ஃப்ரீ சர்வீஸ் முடிந்ததும் பலரும் தெருமுனைக் கடையில் ஆயில் மட்டும் மாற்றி ஓட்டுகிறார்கள். பெல்ட் என்ற ஒன்று இருப்பதே நிறைய பேருக்குத் தெரியாது. எங்களுக்கு விற்றவருக்கும் தெரியாது. ‘இன்ஜின்ல கை வைக்கல’ என்று அவர் பெருமையாகத்தான் சொன்னார். பெல்ட்டிலும் கை வைக்கவில்லை என்பது அதற்குள்ளேயே இருந்தது. எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

அதனால் மீட்டரில் 18,000-க்கு மேல் காட்டும் எந்த ஸ்கூட்டராக இருந்தாலும், பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் ‘மாற்றவில்லை’ என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரையே நம்ப முடியவில்லையா? டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரான டயர் என்று அர்த்தம். நாலு வருட வண்டியில் ‘12,000 கிலோமீட்டர்தான்’ என்று மீட்டர் காட்டுகிறது, ஆனால் இரண்டு டயருமே போன வருடம் தயாரானவை என்றால், ஏன் அவ்வளவு சீக்கிரம் மாற்ற வேண்டிவந்தது என்று கேளுங்கள். அதேபோல், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் உரிமையாளரோடு போய் வண்டி எண்ணைச் சொன்னால், அங்கே செய்த சர்வீஸ் விவரங்களைப் பார்த்துச் சொல்வார்கள். கடைசியாக வந்தபோது எத்தனை கிலோமீட்டர், பெல்ட் மாற்றினார்களா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது கவனியுங்கள்

தெருவில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு ‘சூப்பர்’ என்று சொல்லிவிடாதீர்கள். குறைந்தது பத்து நிமிடம் ஓட்டுங்கள்.

* காலையில் போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்காத வண்டியாக இருக்கட்டும். கிளம்பும்போது இடது பக்கம் ‘கீச்’ என்று சத்தம் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

* நின்ற இடத்திலிருந்து மெதுவாகக் கிளப்புங்கள். வண்டி உதறிக்கொண்டு கிளம்புகிறதா? பெல்ட், ரோலர், கிளட்ச் மூன்றில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது.

* பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஒரு மேம்பாலம் ஏறுங்கள். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறது என்று சந்தேகப்படலாம்.

* நல்ல ரோட்டில் முழுசாக முறுக்கினாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகவில்லையா? தேய்ந்து ஒல்லியான பெல்ட்டால் புல்லியின் உச்சிக்கு ஏற முடியாது. டாப் கியர் விழாத பைக் மாதிரி ஆகிவிடும். மைலேஜும் குறையும்.

* ஓட்டி முடித்து நிறுத்தியதும் இடது பக்கம் குனிந்து முகர்ந்து பாருங்கள். ரப்பர் கருகிய வாசனை வரக்கூடாது.

இத்தனையிலும் பாஸ் ஆனால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. இங்கேதான் செயினுக்கும் பெல்ட்டுக்கும் வித்தியாசம். செயின் தளர்ந்தால் சத்தம் போட்டே ஊரைக் கூட்டும். பெல்ட் பல சமயம் கடைசி நிமிடம் வரை அமைதியாக இருந்துவிட்டு, ஒரேயடியாக அறுந்துவிடும். அக்காவின் வண்டி அன்று காலை ஸ்டேஷனுக்குப் போனபோதுகூட நன்றாகத்தான் ஓடியது.

கவரைத் திறந்தால் குட்டு வெளிப்படும்

அதனால் உறுதியான பதில் ஒன்றே ஒன்றுதான். கவரைத் திறந்து பார்ப்பது. ஸ்கூட்டர் வேலை தெரிந்த மெக்கானிக்குக்கு இது பெரிய வேலையே அல்ல. சில போல்ட்டுகளைக் கழற்றினால் பெல்ட் கண்ணுக்கு எதிரே. ‘டீல் முடியற மாதிரி இருந்தா, என் செலவுல கவரைத் திறந்து பார்த்துக்கறேன்’ என்று விற்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். நியாயமானவர் மறுக்க மாட்டார். பிடிவாதமாக மறுத்தால், அதுவும் ஒரு பதில்தான்.

திறந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

* பெல்ட்டின் பற்களுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா?

* ஓரத்தில் நூல் பிரிந்து நிற்கிறதா? இருந்தால் அடுத்த பேச்சே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

* பக்கவாட்டு ஓரம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறதா? சூட்டில் இறுகிப்போன ரப்பர், வழுக்க ஆரம்பிக்கும்.

* அகலம் எவ்வளவு? மெக்கானிக்கிடம் வெர்னியர் இருந்தால் அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் குறைந்தபட்ச அகலம் என்று ஒரு எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் நல்ல பெல்ட்டுக்கும் தேய்ந்த பெல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

* உள்ளே எண்ணெய்க் கசிவு இருக்கிறதா? இதுதான் முக்கியம். பெல்ட் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆயில் சீல் போய் எண்ணெய் கசிகிறது என்றால், அதைச் சரிசெய்யாமல் புது பெல்ட் போட்டாலும் அதுவும் வழுக்கும்.

* ரோலர்கள் உருண்டையாக இருக்கின்றனவா, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கின்றனவா? புல்லித் தட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா? பள்ளம் விழுந்த புல்லி புது பெல்ட்டையும் சீக்கிரம் தின்றுவிடும்.

கவரைத் திறக்கிற செலவு சொற்பம். அதற்கு வண்டியைப் பற்றி இவ்வளவு தெரிகிறது என்றால், அது ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப் மாதிரிதான்.

பேரம் பேச ஒரு பாயின்ட்!

பெல்ட் தேய்ந்திருந்தால் வண்டியை வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. பெல்ட் என்பது பிரேக் ஷூ மாதிரி, டயர் மாதிரி, தேய்வதற்காகவே செய்த பொருள். சாதாரண 110 சி.சி., 125 சி.சி. ஸ்கூட்டர்களின் பெல்ட் சில நூறு ரூபாய் சமாசாரம்தான். ரோலர் செட்டையும் சேர்த்து மாற்றினால், கூலியோடு இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வரும். எங்களுக்கு, அறுந்த பெல்ட் உள்ளே சிக்கி இன்னொரு பாகத்தையும் சேதப்படுத்தியதால், கொஞ்சம் கூடுதலாக ஆனது. அறுவதற்கு முன் மாற்றியிருந்தால் அது மிச்சம்.

ஆகவே, பெல்ட் தேய்ந்த வண்டி மோசமான வண்டி இல்லை. பெல்ட் செலவைக் கழிக்காமல் விலை பேசிய வண்டிதான் மோசமான பேரம். ‘அண்ணே, பெல்ட்டு, ரோலரு மாத்தணும், அதைக் கழிச்சுக்கங்க’ என்று தைரியமாகக் கேளுங்கள். கையில் ஆதாரத்தோடு கேட்கும் பேரத்துக்கு மதிப்பு அதிகம்.

மாற்றும்போது ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அந்த மாடலுக்கான ஒரிஜினல் பெல்ட்டை, பில்லோடு வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத பாகம் இல்லை. கழற்றிய கவரோ இண்டிகேட்டரோ அங்கே மலிவாக வாங்குவதில் தப்பில்லை. ஆனால், ஏற்கெனவே ஓடிய பெல்ட்டை யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெல்ட்டின் மேல் அம்புக்குறி இருந்தால், அது சுற்றும் திசையைப் பார்த்து மாட்ட வேண்டும். மாட்டும்போது கிரீஸ் கை படாமல் பார்த்துக்கொள்ளவும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் பெல்ட் உண்டா?

சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. இப்போது பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களும் சந்தைக்கு வர ஆரம்பித்துவிட்டன. பல மாடல்கள் நம் தமிழ்நாட்டிலேயே தயாரானவை.

ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450 வரிசையில் மோட்டாரிலிருந்து பின்சக்கரத்துக்குப் பெல்ட் மூலமாகத்தான் சக்தி போகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி ஆலையில் தயாராகும் ஓலா எஸ்1 வரிசையின் ஆரம்பத் தலைமுறை மாடல்கள் சிலவற்றிலும் பெல்ட்தான். 2025 ஜனவரியில் அறிமுகமான மூன்றாம் தலைமுறையில் செயினுக்கு மாறிவிட்டார்கள். டி.வி.எஸ். ஐக்யூப்பில் மோட்டாரே பின்சக்கரத்துக்குள் இருப்பதால் பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பெல்ட் வேறு ரகம். இது பல் வைத்த பெல்ட். புல்லியின் பல்லோடு கவ்விக்கொண்டு ஓடும். வழுக்கி, ஏறி, இறங்கி கியர் மாற்றும் வேலை இதற்கு இல்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் ஓரளவு கண்ணாலேயே பார்க்கலாம். பல் உடைந்திருக்கிறதா, சின்னக் கல் சிக்கித் துளை விழுந்திருக்கிறதா, ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மிக இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, தொளதொள என்றும் இருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்குப் பழகியவர்கள், பெல்ட் அறுந்தால் அந்தப் பிடிமானம் சட்டென்று போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். கைப் பிரேக் மட்டும்தான் அப்போது கை கொடுக்கும். அதனால் பிரேக்கையும் நன்றாகப் பாருங்கள்.

ஹார்லி ஆசை உள்ள தம்பிகளுக்கு...

பைக்கிலும் பெல்ட் உண்டு. ஹார்லி டேவிட்சன் பல பத்தாண்டுகளாகப் பெல்ட்டைப் பயன்படுத்திவருகிறது. இந்தியாவில் 2014-ல் விற்பனைக்கு வந்த ஸ்ட்ரீட் 750-லும் பெல்ட்தான். 2020-ல் அந்நிறுவனம் இங்கே சொந்தத் தயாரிப்பை நிறுத்திய பிறகு, அந்த பைக்குகள் பழைய வண்டிச் சந்தையில் ஆசைகாட்டும் விலையில் தென்படுகின்றன.

இந்தப் பெல்ட்டுகள் நீண்ட காலம் உழைப்பவைதான். ஆனால், விலை பல ஆயிரங்கள். பெரும்பாலான ஹார்லி மாடல்களில் பெல்ட்டை மாற்றப் பின்சக்கரத்தோடு நின்றுவிடாமல் இன்னும் பல பாகங்களைக் கழற்ற வேண்டியிருக்கும். தெருமுனைக் கடையில் ஆகிற வேலையில்லை. வாங்குவதற்கு முன்பே பெல்ட், புல்லி இரண்டின் விலையையும், அவை எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்த பைக்கின் உண்மையான விலை அப்போதுதான் தெரியும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழை. சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் எத்தனை ஸ்கூட்டர்கள் சீட் வரை தண்ணீரில் நின்றன என்று நாமே பார்த்தோம். அவற்றில் பலவும் துடைத்து, பாலிஷ் போட்டு வேறு ஊருக்கு விலை போயிருக்கும்.

பெல்ட் அறைக்குள் வெள்ளம் புகுந்த வண்டியில் பேரிங்குகள் துருப்பிடிக்கும். சேறு படிந்து புல்லி சொரசொரப்பாகும். மேலே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். கவரைத் திறந்தால் மூலையில் ஒட்டியிருக்கும் வண்டல் மண் எல்லாக் கதையையும் சொல்லிவிடும். கவரைத் திறக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

பேப்பரும் முக்கியம்

பெல்ட்டைப் பார்த்துவிட்டு பேப்பரைக் கோட்டைவிட்டுவிடாதீர்கள். டி.என்.20, டி.என்.18 என எந்த ஆர்.டி.ஓ. பதிவாக இருந்தாலும், எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவு, இன்ஷூரன்ஸ் விவரங்களைச் சரிபாருங்கள். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் தேவை. படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்குங்கள். மாநிலத்துக்குள் விற்றால், விற்பவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

நடுவழியில் அறுந்துவிட்டால்?

இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை என்றால் மீண்டும் மீண்டும் முறுக்கிப் பார்க்காதீர்கள். அறுந்த துண்டு உள்ளே சுற்றிச் செலவைக் கூட்டும். உடனே ஆஃப் செய்துவிட்டு ஓரம் கட்டுங்கள். பெரும்பாலும் சக்கரம் சுதந்திரமாகச் சுற்றும் என்பதால் தள்ளிக்கொண்டு போக முடியும். சக்கரம் பூட்டிக்கொண்ட மாதிரி இருந்தால் இழுக்காமல் அங்கேயே விடுங்கள். பெல்ட் அறுந்ததை ரோட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. இரவு நேரம் என்றால் முதலில் உங்களைப் பாருங்கள், வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெளிச்சம் உள்ள இடத்தில் நின்று வீட்டுக்கு இடத்தை அனுப்புங்கள். அவசரம் என்றால் 112 இருக்கிறது.

அக்காவிடம் இப்போதும் அதே வண்டிதான். புது பெல்ட் போட்டு இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை. போன வாரம் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. பெல்ட் மாற்றிய தேதி, அன்றைக்கு மீட்டரில் இருந்த எண், அடுத்து எப்போது மாற்ற வேண்டும். மூன்று வரி. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரில் பில்.

“இவ்ளோ பத்திரமா எதுக்குக்கா?” என்றேன்.

“நாளைக்கு இந்த வண்டிய நானும் யாருக்காவது விப்பேன்ல? அவங்க கேக்க மறந்தாலும் பதில் இருக்கணும்டா!”